மார்சிலிங்கில் பார்க்க என்ன இருக்கிறது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது மார்சிலிங் வட்டாரத்து வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: எங்கே போகலாம்? பதில்களும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. செந்தோசா, மரினா பே, லிட்டில் இந்தியா, இல்லாவிட்டால் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாரு. “பக்கத்திலேயே எங்காவது போகலாமே” என்று ஒருவர் சொன்னால், “இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் பலர் அதே வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிப்பவர்கள்.

அவர்கள் சிரிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரின் வட எல்லையில் இருக்கும் மார்சிலிங், பெரும்பாலோருக்கு வழியில் வரும் ஓர் ஊர் மட்டுமே. சனிக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து மலேசியாவுக்குச் செல்கிறார்கள். சுற்றுலா வரைபடங்களிலும் அதற்குப் பெரிய இடமில்லை. அடுக்குமாடி வீடுகள், உணவங்காடி நிலையம், கடைத்தொகுதி, மார்சிலிங் ரைஸில் உள்ள சிவ கிருஷ்ணர் ஆலயம் எல்லாம் இருந்தாலும், இவற்றைப் பார்ப்பதற்காக யாரும் புக்கிட் மேராவிலிருந்து ரயில் ஏறி வரப்போவதில்லை.

ஆனால், அந்தச் சிரிப்பு ஒரு முக்கியமான செய்தியை மறைத்துவிடுகிறது. மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிலையம் தள்ளி இறங்கி, அங்கிருந்து பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் ஓர் ஏரிக்கரை வருகிறது. அதைச் சுற்றிச் சதுப்பு நிலம், பண்ணைகள், கடலோரச் சேற்றுத் திட்டுகள், போர் நினைவிடம் ஆகியவை அமைந்துள்ளன. கம்பத்து வாழ்க்கை ஏறக்குறைய மறைந்துவிட்ட ஒரு நாட்டில், நாட்டுப்புறம் என்ற சொல்லுக்குப் பொருத்தமாக எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. அதை மார்சிலிங் மாணவர்களே பார்த்திராமல் இருப்பதுதான் வருத்தத்திற்குரியது. அந்த இடம் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருப்பதால், அந்த வருத்தத்தோடு அவசரமும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் ஏரியைப் பார்ப்போம். உண்மையில் அது இயற்கையான ஏரி அன்று. கிராஞ்சி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமாக இருந்த இடத்தில் அணை கட்டி, 1975ஆம் ஆண்டு அதை நன்னீர்த் தேக்கமாக மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்பதற்கான விடை, ஜொகூர் பாருவுக்குப் பேருந்தில் செல்லும் ஒவ்வொருவரின் கண்ணிலும் படுகிறது. கடற்பாலத்தின் ஓரமாக நீண்டு செல்லும் பெரிய குழாய்கள்தாம் அந்த விடை. 1963ஆம் ஆண்டு கடும் வறட்சி ஏற்பட்டபோது சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ பத்து மாதங்கள் அது நீடித்தது. சுதந்திரம் பெற்றபோது மெக்ரிட்சி, பியர்ஸ், சிலேத்தார் என மூன்று நீர்த்தேக்கங்களே இருந்தன. இன்று பதினேழு இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேகரிக்கும் பகுதியாகப் பயன்படுகிறது. கிராஞ்சி அந்த முயற்சியின் ஓர் அங்கம். குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வரும் வீட்டில் வளரும் ஒரு மாணவர், அந்தத் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது என்பதை ஒருமுறையாவது நேரில் பார்ப்பது நல்லது.

கிராஞ்சியில் பார்க்க வேண்டியவற்றுள் முதலிடம் அந்த அணைக்குத்தான். அது கம்பீரமான கட்டடம் இல்லை. அதன் மேல் ஒரு சாலை செல்கிறது, அவ்வளவுதான். ஆயினும், அந்தச் சாலையின் ஓரத்தில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் அசைவில்லாத நன்னீர். மறுபக்கம் திரும்பினால் ஏற்ற இறக்கத்தோடு நகரும் ஜொகூர் நீரிணையின் உப்புநீர், அதற்கப்பால் மலேசியாவின் உயர்ந்த கட்டடங்கள். தமிழ் வகுப்பில் ஐந்திணைகளைப் படிக்கும் மாணவர்களுக்கு மருதமும் நெய்தலும் தெரியும். நன்னீரும் வயலும் சார்ந்தது ஒன்று. கடலும் கடல் சார்ந்ததும் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சாலையின் அகலம் மட்டுமே இருக்கும் இடம் இந்தத் தீவில் அதிகம் இல்லை. பாடநூலில் மனப்பாடம் செய்த திணைகள் அங்கே கண்முன் விரிகின்றன. நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் மீன்பிடிக்க அனுமதிக்கப்பட்ட இடத்தில், தூண்டிலுடன் பொறுமையாக நிற்பவர்களையும் காணலாம். உயிருள்ள இரையை அங்கே பயன்படுத்தக் கூடாது. செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி உண்டு. குடிநீரல்லவா!

அணை கட்டியதால் ஆற்றோரத்துத் தாழ்வான நிலங்களில் நீர் பரவியது. யாரும் திட்டமிடாமலேயே அங்கே ஒரு நன்னீர்ச் சதுப்பு நிலம் உருவானது. தாமரையும் கோரையும் வளர்ந்தன. தாழைக்கோழிகளும் நாரைகளும் வந்து சேர்ந்தன. அதுதான் இன்று ‘கிராஞ்சி மார்ஷஸ்’ என்று அழைக்கப்படும் பகுதி. 2008ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் அதைப் பராமரிப்பதில் பங்கெடுத்தார்கள். 2016ஆம் ஆண்டு அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே பத்து மீட்டருக்கும் சற்று அதிக உயரமுள்ள ஒரு கோபுரம் இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால் கழுகுகளும் பருந்துகளும் வட்டமிடுவதைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். சதுப்பு நிலத்தின் உட்பகுதிக்குள் வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். இந்தக் கட்டுப்பாட்டைக் குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பார்ப்பதற்குப் பறவைகளே இருக்காது.

அணைக்கு அருகிலேயே சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

கைவிடப்பட்ட இறால் குட்டைகளும் சதுப்புநிலக் காடும் நிறைந்த அந்த இடத்தை 1980களில் வேளாண் தொழில்நுட்பப் பண்ணைகளுக்காக மேம்படுத்தும் எண்ணம் இருந்தது. 1986ஆம் ஆண்டு, மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் சிலர் அங்கே வலசைப் பறவைகள் பெருமளவில் வருவதைக் கண்டார்கள். அவர்களிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. தொலைநோக்கிகளும் குறிப்பேடுகளும் இருந்தன. எந்த மாதத்தில் எந்தப் பறவை, எத்தனை என்று எண்ணி எழுதினார்கள். அந்த இடத்தைப் பாதுகாக்கும்படி அரசாங்கத்திடம் எழுத்து வடிவில் கோரிக்கை வைத்தார்கள். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1993ஆம் ஆண்டு சுங்கை பூலோ இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு சட்டப்பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமானது. அடுத்த ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியையும் பெற்றது.

அந்தக் குறிப்பேடுகள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. கண்டவர்கள் இருந்ததால்தான் காப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

சுங்கை பூலோவுக்கு வரும் பறவைகளின் பயணம் வியப்பூட்டுவது. பொன்னிற உப்புக்கொத்திகள் சைபீரியாவிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கிப் பறந்து வருகின்றன. சிவந்த கால்களையுடைய பவளக்காலிகளுக்குச் சிறிய கருவிகளைப் பொருத்திக் கண்காணித்ததில், அவற்றுள் சில திபெத்தியப் பீடபூமி வரை சென்று இனப்பெருக்கம் செய்வது தெரியவந்திருக்கிறது. இதே இனப் பறவைகள் தமிழ்நாட்டின் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் வருகின்றன. விடுமுறையில் தஞ்சாவூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ உறவினரைப் பார்க்கச் செல்லும் சிங்கப்பூர் மாணவர் ஒருவர், சுங்கை பூலோவில் பார்த்த பறவையின் சொந்தக்காரர்களை அங்கேயும் பார்க்க வாய்ப்புண்டு. கடவுச்சீட்டு இல்லாமல் உறவு கொண்டாடுகிறவை அவை.

பறவைகளைத் தவிர வேறு காட்சிகளும் உண்டு. கடல்நீர் வடியும்போது சேற்றில் தாவித் திரியும் மீன்கள், மரவேர்களில் ஒட்டியிருக்கும் நத்தைகள், பாதையின் குறுக்கே அவசரமே இல்லாமல் நடந்துபோகும் உடும்பு, குடும்பத்தோடு நீந்தும் நீர்நாய்கள், அதிர்ஷ்டம் இருந்தால் சேற்றில் மரக்கட்டைபோல் கிடக்கும் உப்புநீர் முதலை. முதலையைக் கண்டால் விலகி நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கைத்தொலைபேசியுடன் நெருங்கிச் செல்பவர்கள் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சற்றுக் கிழக்கே, மண்டாய் சேற்றுத் திட்டில் குதிரைலாட நண்டுகள் வாழ்கின்றன. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே உலகில் இருந்துவரும் இனம் அது. மீன்வலைகளில் சிக்கிக்கொள்ளும் அந்த நண்டுகளை எடுத்து விடுவிக்கவும், அவற்றைக் கணக்கெடுக்கவும் தொண்டூழியர்கள் சேற்றில் முழங்கால் புதைய நடந்திருக்கிறார்கள்.

பண்ணைகளைப் பொறுத்தவரை, கிராஞ்சியிலும் அதையடுத்த லிம் சூ காங்கிலும் கீரை, முட்டை, மீன், தவளை எனப் பலவகைப் பண்ணைகள் இருந்துவந்துள்ளன. தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாட்டில், கீரைப் பாத்தியை நேரில் பார்ப்பது சிறு பிள்ளைகளுக்குப் பெரிய செய்தி. குத்தகைக் காலம் முடியும்போது சில பண்ணைகள் மூடப்படுகின்றன. சில, பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஆகவே, விசாரித்துவிட்டுப் போவதே நல்லது.

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கிராஞ்சிப் போர்க் கல்லறை இருக்கிறது. இதைச் சுற்றுலா இடம் என்று சொல்வது பொருத்தமாக இருக்காது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 4,400க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் 850க்கும் மேற்பட்டோரின் பெயர் தெரியாது. மேட்டின் உச்சியில் உள்ள நினைவுச் சின்னத்தின் சுவர்களில், உடல் கிடைக்காமல்போன 24,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1957ஆம் ஆண்டு அந்த நினைவுச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது.

அந்தப் போரின் ஒரு பகுதி இந்த ஏரிக்கரைக்கு அருகிலேயே நடந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிப்ரவரி 9ஆம் தேதி இரவு ஜப்பானியப் படையினர் படகுகளில் வந்து கிராஞ்சிக் கரையில் இறங்கினார்கள். உட்லண்ட்ஸ் பகுதியின் எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து நீரில் கலந்த எண்ணெய் தீப்பற்றி எரிந்தது. இன்று மீன்பிடிப்பவர்கள் அமைதியாக நிற்கும் அந்தக் கரையோரம், அன்று தீயும் புகையுமாக இருந்தது.

தமிழ் மாணவர்கள் அந்த நினைவிடத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுவர்களில் ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் பெயர்களோடு இந்தியப் படையைச் சேர்ந்தவர்களின் பெயர்களும் வரிசை வரிசையாக இருக்கின்றன. தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு அங்கே தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லிட்டில் இந்தியாவின் ஒளி அலங்காரத்தைப் பார்க்கப் போவதைத் தங்கள் வேர்களை அறிந்துகொள்ளும் பயணமாகக் கருதும் குடும்பங்கள் பல. அது தவறில்லை. ஆனால், இந்தியர்களின் வரலாறு சிராங்கூன் சாலையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்கள், வடக்கே ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள், கிராஞ்சியின் கல்லில் பெயராக மட்டும் எஞ்சியிருப்பவர்கள் ஆகியோரும் அந்த வரலாற்றுக்கு உரியவர்கள்.

மார்சிலிங் என்ற பெயருக்கும் ஒரு தோட்டத்து வரலாறு இருக்கிறது. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்ற வணிகருடைய முன்னோரின் சீனக் கிராமத்தின் பெயரே மார்சிலிங் என்பது. ஈசூன் என்ற பெயரும் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. கிராஞ்சி என்பதோ ஒரு மரத்தின் பெயர். புளிபோன்ற சுவையுள்ள பழம் தரும் ‘கெராஞ்சி’ மரம் ஒருகாலத்தில் ஆற்றோரத்தில் மிகுந்திருந்ததாம். சீனக் கிராமம் ஒன்றும் மலாய் மரம் ஒன்றும் அடுத்தடுத்த ரயில் நிலையங்களின் பெயர்களாக இருப்பதைத் தினமும் அறிவிப்பில் கேட்டும், அவற்றின் பொருளை யாரும் கேட்பதில்லை.

வெகுதூரம் செல்ல விருப்பமில்லாதவர்களுக்கு மார்சிலிங் பூங்காவே போதும். முன்பு உட்லண்ட்ஸ் நகரத் தோட்டம் என்று அழைக்கப்பட்ட அது, 2018ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு இப்பெயரைப் பெற்றது. குளமும் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும் போர்க்கால வரலாற்றைச் சொல்லும் பலகைகளும் அங்கே உள்ளன. மாலை நேரத்தில் தாத்தா பாட்டியுடன் நடக்க ஏற்ற இடம். உட்லண்ட்ஸ் கரையோரப் பூங்காவிலிருந்து கடற்பாலத்தையும் ஜொகூர் கரையையும் பார்க்கலாம்.

இவ்வளவும் இருந்தும் மக்கள் ஏன் வருவதில்லை? “வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறது, சாப்பிடக் கடை இல்லை, பிள்ளைகள் விளையாட ஒன்றும் இல்லை, பேருந்துக்கு நீண்டநேரம் காத்திருக்க வேண்டும்” என்று குறைகளை அடுக்குகிறார்கள். ஆகவே, ஏரிக்கரையில் உணவகங்கள், சாகச விளையாட்டுகள், படகுச் சவாரி, இரவு விளக்குகள் ஆகியவற்றை அமைத்தால் கூட்டம் வரும் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். இக்கருத்தில் ஒரு பாதி நியாயமானது. சக்கர நாற்காலியில் வரும் முதியவரும், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் தாயும் எளிதில் வந்துசேர வேண்டும். அடிக்கடி ஓடும் பேருந்து, நிழல் தரும் மரங்கள், தண்ணீர்க் குழாய், தூய்மையான கழிவறை ஆகியவற்றைக் கேட்பது ஆடம்பரம் அன்று. வசதியில்லாத இடத்தை ‘இயற்கை’ என்று சொல்லிச் சமாளிப்பது சரியில்லை.

மறுபாதியை ஏற்பது கடினம். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து களைத்து வரும் பறவைக்கு, நீர் வடிந்த சேற்றுத் திட்டில் இரைதேடக் கிடைக்கும் நேரம் சில மணிநேரம்தான். அந்த நேரத்தில் இசையும் விளக்கும் படகும் அதை மீண்டும் மீண்டும் விரட்டினால், திரும்பிச் செல்வதற்கு வேண்டிய கொழுப்பை அதன் உடல் எப்படிச் சேர்க்கும்? மஞ்சள் கடலோரத்தில் பறவைகள் இடையில் தங்கும் சேற்று நிலங்கள் பெருமளவில் மண் கொட்டி நிரப்பப்பட்டுவிட்டன. எஞ்சியிருக்கும் தங்குமிடங்களின் மதிப்பு அதனால் கூடியிருக்கிறது. சாகச விளையாட்டுக்குச் சிங்கப்பூரில் வேறு இடங்கள் நிறைய உண்டு. பவளக்காலிக்கு அப்படி மாற்றிடங்கள் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கு சென்றாலும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கம் மாணவர்களிடம் மட்டுமன்றிப் பெரியவர்களிடமும் வேரூன்றிவிட்டது. கற்றல் பயணங்கள்கூட அதற்கு விலக்கில்லை. பேருந்தில் வந்து இறங்கி, பயிற்சித்தாளில் பத்து வினாக்களுக்கு விடை எழுதி, வகுப்புப் படம் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணிநேரத்தில் புறப்பட்டுவிடும் பயணங்கள் உண்டு. தாளில் ‘கண்டல் மரம்’ என்று எழுதிய மாணவர், தலைக்கு மேலே பறந்த கடற்கழுகைப் பார்க்காமலே போயிருக்கலாம். பயிற்சித்தாள் வேண்டாம் என்பதில்லை. முதல் அரைமணி நேரம் அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கலாம்.

ஏரிக்கரை இப்படியே என்றும் இருக்கும் என்றால் இதை ஆறுதலாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அப்படி இருக்கப்போவதில்லை. கிராஞ்சியில் இயங்கிய குதிரைப் பந்தயத் திடலில், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்தது. 120 ஹெக்டருக்கும் மேற்பட்ட அந்த நிலம் 2027ஆம் ஆண்டுக்குள் அரசாங்கத்திடம் திரும்பி ஒப்படைக்கப்படுகிறது. வீடுகள் உள்ளிட்ட தேவைகளுக்கு அது பயன்படும். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே விரைவு ரயில் பாதை அமைகிறது. வேளாண் உணவுத் தொழில்நுட்பத்திற்கான வளாகம் ஒன்றுக்கும் கிராஞ்சியில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உரிய ஆய்வும் அனுமதியும் நிறைவடைவதற்கு முன்பே காட்டின் ஒரு பகுதி அழிக்கப்பட்டது. சுமார் 4.5 ஹெக்டர் மரங்கள். அது பொதுமக்களின் கவனத்திற்கு வந்தது எப்படி என்று பார்த்தால், வானிலிருந்து எடுக்கப்பட்ட பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுக் காட்டிய, அந்த இடத்தை ஏற்கெனவே அறிந்திருந்த சாதாரண மக்களால்தான். அதன்பின் விசாரணை நடந்தது, நடைமுறைகளும் கடுமையாக்கப்பட்டன.

இந்த மாற்றங்களை எல்லாம் எதிர்க்க வேண்டும் என்று சொல்வது எளிது, ஆனால் நேர்மையானதன்று. புதிய வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளம் தம்பதியின் தேவை உண்மையானது. எல்லையில் தினமும் இரண்டு மணிநேரம் வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு விரைவு ரயில் ஒரு வரம். மார்சிலிங் மாணவர்களின் வீடுகளே ஒருகாலத்தில் தோட்டமாகவும் காடாகவும் இருந்த நிலத்தில் கட்டப்பட்டவைதாம். ஆகவே ‘வீடா, பறவையா’ என்று மோதவிடுவதில் பயனில்லை. எந்த மரவரிசையை விட்டுவைத்தால் பறவைகள் காட்டிலிருந்து கரைக்குப் போய்வர முடியும், எந்தச் சாலையில் இரவு விளக்கின் ஒளியைக் குறைக்க வேண்டும், கட்டடங்களை நீர்க்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி எழுப்ப வேண்டும் என்பவையே பயனுள்ள கேள்விகள்.

நல்ல வேளையாக, இக்கேள்விகளுக்கு இடமிருக்கிறது என்பதற்குச் சான்றுகளும் உண்டு. சுங்கை பூலோவையும் கிராஞ்சி மார்ஷஸையும் மண்டாய் சேற்றுத் திட்டையும் இணைத்து, ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்புள்ள இயற்கைப் பூங்கா இணைப்பாக உருவாக்கும் திட்டம் 2020ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. திட்டங்கள் வரையப்படும்போது பொதுமக்களின் கருத்தும் கேட்கப்படுகிறது. அப்போது மார்சிலிங்கில் வசிக்கும் பதினைந்து வயது மாணவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கும்? கரையை ஒருமுறையும் பார்த்திராதவர், “கடைத்தொகுதி வேண்டும்” என்றுதான் சொல்வார். பார்த்தவரும் கடைத்தொகுதி கேட்கலாம். ஆனால், அதை எங்கே கட்டக் கூடாது என்பதையும் அவரால் சொல்ல முடியும். அவருடைய சொல்லுக்கு அதனால் எடை கூடுகிறது.

வலசைப் பறவைகளைப் பார்க்க ஏற்ற காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. ஆண்டிறுதி விடுமுறை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. கடல்நீர் வடிந்தும் ஏறியும் இருக்கும் நேரத்தை இணையத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் வடிந்திருக்கும்போது பறவைகள் சேற்றில் பரவி இரைதேடும். நீர் ஏறும்போது பழைய இறால் குட்டைகளில் கூட்டமாக வந்து ஓய்வெடுக்கும். அப்போதுதான் மறைவிடங்களிலிருந்து அவற்றை அருகில் பார்க்க முடியும். சுங்கை பூலோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 7 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, கொசுக்கடியைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. தொலைநோக்கி இல்லாதவர்கள் வருந்தத் தேவையில்லை. அங்கே வழக்கமாக வரும் பறவை ஆர்வலர்களிடம் கேட்டால், தங்கள் கருவியில் பார்க்கப் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு இடம் தருவார்கள். கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு எதிரே 925ஆம் எண் பேருந்து வருகிறது. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.